சுருள் இறக்கை

ஆய்வகத்தில் அவனுக்கு ‘பர்மனென்ட்’ என்று பெயர். வேலை நிரந்தரமாகாமலேயே எல்லாரையும்விட அதிக காலம் அங்கே ஒட்டிக்கொண்டிருந்ததால் வைத்த பெயர். வைத்தவர்கள் எல்லாம் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். அவனும் பெயரும்தான் மிச்சம்.

முனைவர் பட்டம் வாங்கியாகிவிட்டது, ஆனால் இன்னும் பேராசிரியர் ஆகவில்லை என்றால் அவருக்கு போஸ்ட்டாக் என்று பெயர். வண்டி நிறுத்த அனுமதிச் சீட்டு கேட்டால், நீங்கள் ஊழியர் இல்லையே என்பார்கள். நூலகத்தில் மாணவர் சலுகை கேட்டால், நீங்கள் மாணவர் இல்லையே என்பார்கள். ஒப்பந்தம் வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கப்படும். புதுப்பிக்கும் மாதத்தில் பேராசிரியர் சொல்லும் ஜோக்குக்கு எல்லா போஸ்ட்டாக்கும் கொஞ்சம் கூடுதலாகவே சிரிப்பார்கள்.

பேராசிரியர் கெட்டவர் இல்லை. கெட்ட செய்தி எதையும் அவர் வாயால் சொன்னதில்லை. நல்ல செய்தியும் சொன்னதில்லை. எதைக் கேட்டாலும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து, “பார்க்கலாம்” என்பார். துடைக்கிற நேரத்தை வைத்து அந்தப் ‘பார்க்கலாம்’ எந்தப் பக்கம் சாயும் என்று ஊகிப்பதில் பர்மனென்ட் தேறியிருந்தான்.

இந்த வருஷம்தான் அவர் அதிசயமாக ஒரு திட்டமான சொல் சொன்னார். அவன் மனைவியின் கட்டுரை ஆய்வுப் பத்திரிகையிலிருந்து திரும்பி வந்திருந்தது. ஏற்றுக்கொள்வோம், ஆனால் இன்னும் ஒரு சோதனை செய்து காட்டுங்கள் என்று கேட்டிருந்தார்கள். அதைச் செய்கிறோம் என்று எழுதிக்கொடுத்தால் நிதிக்குழு இன்னொரு வருஷத்துக்குப் பணம் தரும். அதிலிருந்து அவன் ஒப்பந்தத்தை நீட்டலாம். நீட்டாவிட்டால் வேலை போகும். வேலையோடு வளாகத்துக் குடியிருப்பும் போகும், மகளுக்குக் குழந்தைகள் காப்பகத்தில் கிடைத்த இடமும் போகும்.

“அவளோட லைன் இருக்குல்ல?” என்று பேராசிரியர் கேட்டார்.

“இருக்கு சார்,” என்றான் அவன்.

லைன் என்றது ஓர் ஈ வம்சத்தை. பழக்கூடையைச் சுற்றிப் பறக்குமே, அந்தச் சின்ன ஈ. அவன் மனைவியும் அதே ஆய்வகத்தில் போஸ்ட்டாக்காக இருந்தவள், அடுத்த மேசை. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள், திரும்பவில்லை. இறந்த மனைவிக்காக விடுப்பு கேட்டபோது, நிரந்தர ஊழியருக்கு மட்டும்தான் அந்த விடுப்பு உண்டு என்று பணியாளர் அலுவலகம் மரியாதையாக எழுதியிருந்தது. அடுத்த வாரமே அவன் வேலைக்கு வந்துவிட்டான். அவள் ஈக்களுக்குக் குழாய் மாற்றும் நாள் அது.

ஈயைக் கண்ணாடிக் குழாயில் வளர்ப்பார்கள். அடியில் மாவும் சர்க்கரையும் ஈஸ்டும் காய்ச்சி ஊற்றிய தீனி, வாயில் பஞ்சு. தீனி காய்வதற்குள் ஈக்களைப் புதுக் குழாய்க்கு மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் அந்த வம்சம் அதோடு சரி. அவள் உண்டாக்கிய ஈ உலகத்தில் வேறெங்கும் கிடையாது. பாதுகாப்புக்கு ஒரு நகலைச் சேமிப்பு மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது.

அந்த ஈயில் அவள் ஒரு மரபணுவை உடைத்திருந்தாள். தாய் வழி, தந்தை வழி இரண்டும் உடைந்தால் ஈ புழுவாக இருக்கும்போதே செத்துவிடும். அதனால் ஒரு பக்கம் உடைசலும், மறுபக்கம் அதைக் காபந்து பண்ண ஓர் அடையாளமுமாக வைத்திருப்பார்கள். அடையாளம் இறக்கையில் தெரியும், நுனி மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். குழாயில் எல்லா ஈக்கும் இறக்கை சுருண்டிருந்தால் லைன் பத்திரம். நேர் இறக்கை கண்ணில் பட்டால் வெளி ஈ புகுந்துவிட்டது என்று அர்த்தம். வெளி ஈ கொழுகொழுவென்று இருக்கும், சட்டென்று பெருகும். சில தலைமுறையில் வீட்டுக்காரனைத் துரத்திவிட்டு அதுவே குடியேறிவிடும்.

ஆகவே, மாற்றும்போதெல்லாம் ஈக்களை வாயு விட்டு மயக்கி, மைக்ராஸ்கோப்பின் கீழ் பரப்பி, சுருண்ட இறக்கையை மட்டும் தூரிகையால் ஒதுக்கிப் புதுக் குழாயில் போட வேண்டும். வேலைக்கு வந்த முதல் வாரமே சொல்லித் தருகிற பாடம் இது. முதல் மாதம் எல்லாரும் ஒழுங்காகச் செய்வார்கள். அப்புறம் பழைய குழாயைப் புதுக் குழாயின் மேல் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டுவதோடு சரி. எப்போதாவது பார்த்துக்கொள்வார்கள்.

அவன் எப்போதாவதும் பார்க்கவில்லை. கவிழ்த்தான், தட்டினான், பஞ்சை அடைத்தான், அவள் பெயர் எழுதிய பட்டையைப் பழையதிலிருந்து உரித்துப் புதியதில் ஒட்டினான். ஒரு முறைகூடத் தவறவிடவில்லை. மகளுக்கு அம்மை போட்டிருந்தபோதுகூட இடையில் ஓடி வந்து மாற்றிவிட்டுப் போனான்.

வீட்டில் மாமியார் இருந்தார். தன் மகள் இறந்ததும் பேத்தியைப் பார்த்துக்கொள்ள இரண்டு வாரம் என்று வந்தவர், திரும்பிப் போகும் பேச்சையே எடுக்கவில்லை. அவனும் எடுக்கவில்லை. மகள் வேலையைப் பற்றி அவருக்கு ஒரு பழைய கிண்டல் உண்டு. “வேலை இல்லாதவன்தான் ஈ ஓட்டுவான். என் பொண்ணு இவ்வளவு படிச்சுட்டு ஈ வளர்க்கிறா,” என்று அவள் இருக்கும்போதே சொல்லுவார். அவள் போனபிறகு அது ஒரு கேள்வியாகச் சுருங்கிவிட்டது. அவன் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போது கேட்பார்.

“என்ன மாப்ள, ஈயெல்லாம் உயிரோட இருக்கா?”

“இருக்கு அத்தை.”

அதோடு அன்றைய பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடும்.

சோதனையைச் செய்யப் பேராசிரியர் ஓர் ஆளைப் போட்டார். வேறொரு பெரிய ஈ ஆய்வகத்திலிருந்து வந்திருந்த பெண். வந்து சில மாதம் ஆகியும் எல்லாருக்கும் அவள் ‘புதுசு’தான். அவனை மட்டும் அண்ணா என்று கூப்பிடுவாள். உங்களை பர்மனென்ட் என்று கூப்பிட்டால் என் வேலை போய்விடும் போல பயமாக இருக்கிறது என்று காரணம் சொன்னாள். ஒரு சாயங்காலம் அவளிடம் குழாய்களைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

மறுநாள் பயிற்சி நாள். போஸ்ட்டாக்குகளை மேம்படுத்துவதற்காகப் பணியாளர் அலுவலகம் அவ்வப்போது நடத்துவது, போகாவிட்டால் பெயரைக் குறித்துவைத்துக்கொள்வார்கள். முன்பு ஒருமுறை ‘நேர மேலாண்மை’ நடந்தது, ஆரம்பிக்கவே நேரமாகிவிட்டது. ‘வேலைக்கும் வாழ்க்கைக்கும் சமநிலை’ என்ற பயிற்சியை விடுமுறை நாளில் வைத்தார்கள். இந்த முறை ‘மேற்பார்வையாளருடன் கடினமான உரையாடல்’.

ஜன்னல் இல்லாத கூட்ட அறை. நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். பயிற்சியாளர் சிரித்த முகமான பெண்மணி, கழுத்தில் அடையாள அட்டை. பக்கத்தில் இருப்பவரோடு ஜோடி சேருங்கள், ஒருவர் பேராசிரியர், மற்றவர் போஸ்ட்டாக், போஸ்ட்டாக் தான் கண்ட ஒரு தவறைப் பேராசிரியரிடம் சொல்ல வேண்டும் என்று விளக்கினார். அவனுக்குப் பக்கத்தில் புதுசு. நீங்கள்தான் பேராசிரியர் என்று அவள் முந்திக்கொண்டாள்.

அவன் நாற்காலியில் சாய்ந்தான். கண்ணாடி இல்லாததால் இல்லாத கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். சுற்றி இருந்தவர்கள் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு தான் ஒருவரைச் சிரிக்கவைத்திருப்பதை அவனும் கவனித்தான்.

“சார், ஒரு விஷயம்,” என்றாள் அவள்.

“சொல்லும்மா.”

“நீங்க கொடுத்த லைன்ல இறக்கை நேரா இருக்கு சார்.”

நல்ல உதாரணமாகத்தான் பிடித்திருக்கிறாள் என்று நினைத்தான். “எவ்வளவு?”

“முக்காவாசிக்கு மேல.”

அவன் இல்லாத கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “பார்க்கலாம்,” என்றான். பக்கத்து ஜோடி தங்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தது.

அவள் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அண்ணா, நான் விளையாட்டுக்குச் சொல்லல,” என்றாள். “காலைல பார்த்தேன். எல்லாக் குழாயும் அப்படித்தான். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல.”

அவன் கை மடியில் அப்படியே கிடந்தது. வட்டத்தைச் சுற்றி வந்த பயிற்சியாளர் அவர்கள் பக்கத்தில் நின்று அவன் முகத்தைப் பார்த்தார்.

“ரொம்ப நல்லாப் பண்றீங்க. முகத்துலயே தெரியுது. அப்படியே கன்டினியூ பண்ணுங்க.”

பயிற்சி முடியும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். வருகைக் கையெழுத்து கடைசியில்தான் வாங்குவார்கள்.

ஈ அறை எப்போதும் போல வெதுவெதுப்பாக, புளித்த மாவு வாசனையோடு இருந்தது. அவள் ஒரு குழாயை மயக்கிப் பரப்பிவிட்டு நாற்காலியை அவனுக்குத் தள்ளினாள். அவன் குனிந்தான். வெளிச்சத்தில் சின்னச் சின்ன உடம்புகள், சிவப்புக் கண்கள். இறக்கைகள் கண்ணாடித் தகடு போல நேராகப் படுத்திருந்தன. ஒன்று, இன்னொன்று, அடுத்தது. நடுநடுவே ஒன்றிரண்டு மட்டும் நுனி சுருண்டு, மரச்சீவல் சுருளைப் போல. கண்ணை எடுக்காமல் ரொம்ப நேரம் பார்த்தான். மனைவி போனபிறகு அவள் ஈயின் முகத்தை இன்றுதான் பார்க்கிறான்.

எப்போது புகுந்தது என்று சொல்ல முடியாது, சில மாதம் ஆகியிருக்கும் என்றாள் புதுசு. மாற்றும்போது அறையில் பறந்துகொண்டிருந்த ஏதோ ஓர் ஈ உள்ளே இறங்கியிருக்கும், எல்லா ஆய்வகத்திலும் நடக்கிறதுதான். அதற்காகத்தானே பார்ப்பது என்று சொல்ல வந்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவனே அந்த வாக்கியத்தை முடித்தான்.

வழி இல்லாமல் இல்லை. மிச்சமிருக்கிற சுருள் இறக்கைகளில் சிலது மனைவியுடையதாக இருக்கலாம், சிலது வெளி ஈயோடு கலந்து வெறும் அடையாளத்தை மட்டும் சுமப்பதாக இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். சுருள் இறக்கை ஆண் ஒவ்வொன்றையும் தனித்தனிக் குழாயில், வேறொரு சுத்தமான லைனின் பெண்களோடு விட வேண்டும். அதன் பிள்ளைகளில் சுருள் இறக்கையைத் தங்களுக்குள் ஜோடி சேர்க்க வேண்டும். பேரப்பிள்ளைகளில் நேர் இறக்கை பிழைத்து வந்தால் உடைசல் அங்கே இல்லை என்று அர்த்தம், அந்த ஆண் ஆகாது. ஒன்றுகூட விடாமல் எல்லாமே சுருண்டிருந்தால் அவளுடையது கிடைத்துவிட்டது. ஒருவேளை ஒரு குழாயிலும் கிடைக்காமலும் போகலாம்.

“நாளைக்குத்தானே அண்ணா சார் உங்க ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடறார்?” என்று கேட்டாள். “நீங்க எப்ப சொல்லணுமோ அப்ப சொல்லுங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன்.”

அன்று வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றினான். மாமியார் துணி மடித்துக்கொண்டிருந்தார். மகள் தரையில் உட்கார்ந்து டப்பா மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வழக்கமான கேள்வி வந்தது. வழக்கமான பதில் அவன் வாயில் வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னான். ஈக்கணக்கு அவருக்குப் புரியாது என்று சுருக்கமாகத்தான் ஆரம்பித்தான். அவர் விடவில்லை, இறக்கை ஏன் சுருள்கிறது என்பதுவரை கேட்டு வாங்கிக்கொண்டார்.

“அப்ப அவ பண்ணதெல்லாம் போச்சா?”

“தெரியல அத்தை. பேரன் பேத்தி வரைக்கும் பார்த்துத்தான் சொல்ல முடியும்.”

மாமியார் ஒரு சின்னச் சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். “நாளைக்கு அவர் கையெழுத்துப் போடட்டுமே மாப்ள. போட்டப்புறம் சொல்லுங்க. பொய் சொல்லச் சொல்லல. ஒரு நாள் தள்ளிச் சொல்லுங்கன்னுதான் சொல்றேன்.”

“கட்டுரையில அவ பேர்தான் முதல்ல இருக்கு அத்தை.”

“தெரியும்.”

“லைன் இருக்குன்னு நம்பித்தான் அவர் போடப் போறார். பின்னாடி இல்லேன்னு ஆயிட்டா, அந்தக் கட்டுரையில எதை நம்பறதுன்னு கேப்பாங்க. என்னைக் கேக்க மாட்டாங்க. அவளைத்தான் கேப்பாங்க.”

 மாமியார் துணிக்குவியலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்தே, “வீட்டைக் காலி பண்ணணும்னா எவ்வளவு நாள் முன்னாடி சொல்லுவாங்க?” என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் பேராசிரியரின் அறையில் தாள் மேசைமேல் தயாராக இருந்தது. பேனாவின் மூடியும் திறந்திருந்தது. பயிற்சியில் தந்த கையேட்டில் ‘முதலில் நேர்மறையாக ஒன்று சொல்லுங்கள்’ என்று இருந்தது. அவனுக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை.

“அவ லைன் கலந்துடுச்சு சார். ஒன்றரை வருஷமா நான்தான் மாத்தறேன். இறக்கை பார்க்காமலே மாத்தியிருக்கேன்.”

பேராசிரியர் பேனாவை மூடினார். கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டார்.

“ஏன் பார்க்கல?”

இந்தக் கேள்விக்குக் கையேட்டில் எதுவும் இல்லை. “பார்க்கத் தோணல சார்,” என்றான்.

“அவ போனப்ப அவ்வளவு சீக்கிரம் உன்னை யாரும் வேலைக்கு வரச் சொல்லலையே.”

“ஈ மாத்தணுமே சார்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு, இன்னும் எத்தனை சுருள் இறக்கை மிச்சம் என்று கேட்டார். சொன்னதும் எழுந்து நடந்தார். அவன் பின்னால் போனான். ஈ அறைக்கு அவர் வந்தே வருஷக்கணக்காகியிருக்கும். எந்த நாற்காலி எந்த மைக்ராஸ்கோப்புக்கு என்றுகூட அவருக்கு மறந்துபோயிருந்தது. புதுசு எழுந்து இடம் விட்டாள். அவர் உட்கார்ந்து பார்த்தார். தூரிகையைக் கேட்டு வாங்கி, பழக்கம் விட்ட கையால் ஓர் ஈயை மற்றவற்றிலிருந்து ஒதுக்கினார். இன்னொன்றையும் ஒதுக்கினார்.

நிதிக்குழுவுக்கு லைன் பத்திரம் என்று எழுதிவிட்டேன், அதைத் திருத்தி எழுத வேண்டும் என்றார், கண்ணை எடுக்காமலேயே. திருத்தினால் ஒரு வருஷ ஒப்பந்தம் இப்போதைக்கு நடக்காது. பத்திரிகையிடம் அவகாசம் கேட்கலாம். “மூணு மாசத்துக்கு நீட்டறது என் கையில இருக்கு. அதைப் போடறேன். அதுக்கு மேல இந்த ஈதான் சொல்லணும்.”

அவர் ‘பார்க்கலாம்’ என்று சொல்லாததை அவர் போனபிறகு புதுசுதான் கவனித்துச் சொன்னாள். “பயந்துட்டேன் அண்ணா. மனுஷன் முழு வாக்கியம் பேசறார்.”

சுருள் இறக்கை ஆண்களை ஆளுக்கொரு குழாயில் விட்டார்கள். தட்டு நிறையக் குழாய்கள். அவன் தினமும் காலையில் மகளைக் காப்பகத்தில் விட்டுவிட்டு நேரே ஈ அறைக்குப் போனான். சில ஆண் ஈக்கள் அசையாமல் மூலையில் உட்கார்ந்திருந்தன, சில செத்தும் போயின. மற்றவற்றின் குழாய்களில் முட்டை தெரிந்தது, புழு தீனியைக் கிளறியது, கண்ணாடிச் சுவரில் கூடு ஒட்டியது. பிள்ளைகள் வெளிவந்ததும் ஒவ்வொன்றாகப் பார்த்து ஜோடி சேர்த்தான். கழுத்து பிடித்துக்கொண்டது. வீட்டில் மாமியாரின் கேள்வியும் மாறியிருந்தது. பிள்ளை பிறந்ததா என்று கேட்டவர், அப்புறம் பேரப்பிள்ளை பிறந்ததா என்று கேட்க ஆரம்பித்தார். வேறு வீடு எங்கே கிடைக்கும் என்று காப்பகத்துக்கு வரும் அம்மாக்களிடம் அவர் விசாரித்துவைத்திருப்பதும் அவனுக்குத் தெரியும்.

பேரப்பிள்ளைகள் வந்தன. முதல் குழாயில் நேர் இறக்கை. அடுத்ததிலும் நேர் இறக்கை. பார்த்த குழாயை அவன் கழிவுப் பாட்டிலில் கவிழ்த்தான், எண்ணெயில் ஈ மூழ்கியது. ஒரு குழாயில் எல்லாமே சுருண்டிருந்தன போலத் தோன்றியது. கடைசி ஓரத்தில் ஒரே ஒரு நேர் இறக்கை கிடந்தது. அப்போதுதான் பிறந்த ஈயாக இருக்கும், இறக்கை இன்னும் விரிந்து சுருண்டிருக்காது என்று புதுசு ஆறுதலாகச் சொன்னாள். அவளும் குனிந்து பார்த்தாள். “இல்லண்ணா. நேராத்தான் இருக்கு,” என்றாள். அதுவும் எண்ணெய்க்குப் போனது.

தட்டின் கடைசி வரிசையில், பலவீனமாக இருந்து தப்பித்த ஓர் ஆணின் குழாய் இருந்தது. ஈக்கள் கொஞ்சம்தான். அவன் பரப்பினான். தூரிகையால் ஒவ்வொன்றாகப் புரட்டினான். சுருள். சுருள். எல்லாவற்றையும் இடப்பக்கம் தள்ளி முடித்தபின், வலப்பக்கம் வெறும் வெள்ளைத் தட்டாக இருந்தது. மறுபடி வலமிருந்து இடமாகப் பார்த்தான். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிப் புதுசுக்கு இடம் விட்டான்.

அவள் நிதானமாகப் பார்த்தாள். அவசரப்பட்டுத் தலை நிமிரவில்லை. இன்னும் கொஞ்சம் ஈ பிறக்கட்டும், அப்புறம் மரபணுவையும் எடுத்துப் பார்த்துவிடுவோம், அதுவரை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாள். பிறந்தவையும் சுருண்டிருந்தன. மரபணுவை எடுத்துப் பார்த்தார்கள். மனைவி உடைத்த இடத்தில் உடைந்தே இருந்தது.

பேராசிரியரிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைத் துடைத்தார், சீக்கிரம் துடைத்து முடித்தார். சேமிப்பு மையத்துக்கு இன்றே ஒரு நகல் போகட்டும் என்றார். சோதனையைப் புதுசும் அவனும் சேர்ந்து செய்வதாக ஏற்பாடு. நிதிக்குழு வருஷத்துக்கு ஒப்புக்கொண்ட செய்தி, அவன் மூன்று மாதத்தில் பாதிக்கு மேல் கழிந்தபிறகு வந்தது. பர்மனென்ட் இன்னும் ஒரு வருஷத்துக்குப் பர்மனென்ட் என்று புதுசு சொன்னாள். பெயர் வைத்தவர்கள் போய்விட்டார்கள், கூப்பிட ஆள் வேண்டாமா என்றாள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. மரபணு முடிவு வந்த அன்று அவன் ஈக்களைப் புதுக் குழாய்க்கு மாற்றினான். மயக்கி, பரப்பி, பார்த்து, தள்ளினான். பழைய பட்டையில் மனைவியின் கையெழுத்து பாதி அழிந்திருந்தது. அதை உரிக்காமல், புதுப் பட்டையில் அவள் பெயரைத் தன் கையால் எழுதி ஒட்டினான்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினான். மாமியார் வாசலிலேயே நின்றார். பேத்தி அவர் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன மாப்ள, ஈ உயிரோட இருக்கா?”

“இருக்கு அத்தை. இப்பதான் பார்த்துட்டு வரேன்.”

எப்படி இருக்கிறது என்று கேட்டார். இத்தனை நாளில் அப்படிக் கேட்டதில்லை. அவன் உள்ளங்கையை நீட்டி, விரல் நுனிகளை மேல்நோக்கி மெல்ல வளைத்துக் காட்டினான். மகளும் தன் கையை நீட்டி அதே மாதிரி வளைத்தாள். மாமியார் இரண்டு கையையும் மாறிமாறிப் பார்த்தார்.

“இவ்வளவுதானா?” என்றார்.

“இவ்வளவுதான் அத்தை.”